ஆல்பிரெட் பினே

பிறர் பிழையை எடுத்துரைப்பார் பலர். தம் பிழையைப் பலரறிய ஒப்புக்கொண்டு திருந்துவார் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய ஆல்பிரெட் பினே என்னும் பிரெஞ்சு உளநூற் புலவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1857-ஆம் ஆண்டில் நீஸ் நகரிற் பிறந்தார். சட்டம் பயின்று, மருத்துவத்தைத் தொடங்கி இடையே விடுத்து, பாரிஸ் தேசிய நூல்நிலையத்தில் உளநூலைத் தாமே கற்றார். சால்பெத்ரியேர் மருத்துவசாலையில் ஆராய்ந்த நாளில், மனவசியத்தில் ஆழ்ந்தாரது உணர்ச்சிகளைக் காந்தத்தால் இடமாற்றலாம் என எழுதினார். ஆராய்வோர் தம் எண்ணத்தைத் தம்மை அறியாமலே நோயாளர்க்குக் குறிப்பித்தமையால் நேர்ந்த மயக்கமே அஃதென்று பெல்ஜிய அறிஞர் தெல்பேப் காட்டினார். பினே தம் தவற்றை ஒப்புக்கொண்டார். அளப்பவனே அளவைக் கெடுத்தல் கூடும் என்னும் அப்பாடத்தை இவர் பின்னர் மறந்திலர்.

பிரான்ஸில் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறார் அனைவர்க்கும் கல்வி கட்டாயமாயிற்று. பாடத்திற் பின்தங்குவாரைக் கண்டறிந்து தனிவகுப்பிற் கற்பிக்கும் வழியை ஆராய 1904-இல் அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. பினேயும் அதில் அமர்ந்தார். ஒரே குழந்தைக்கு ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு பெயரிட்டமை கண்டு, சீமோன் என்னும் மருத்துவருடன் கூடி 1905-இல் 30 சோதனைகளை வகுத்தார். 1908-இல் அவற்றை வயதுவாரியாக அமைத்தார். மூன்று வயதுக் குழந்தை தன் மூக்கையும் கண்ணையும் வாயையும் சுட்டிக் காட்டுதல் அவற்றுள் ஒன்று.

தம் கருவியின் எல்லையை இவர் நன்கறிவார். தொல்லை தரும் மாணாக்கரை நீக்குதற்கு உபாத்தியாயர் சிலர் இதனைச் சாக்காகக் கொள்வரென்று அஞ்சினார். அறிவு மாறாத அளவினதன்று. பயிற்சியால் வளரும் என வற்புறுத்தினார். இவர் 1911-இல் 54-ஆம் வயதிற் காலமானார்.

அவ்வெச்சரிக்கையை உலகம் பேணவில்லை. அமெரிக்காவில் அவ்வெண் பிறவித் தீர்ப்பாகக் கொள்ளப்பட்டது. வர்ஜீனியாவில் காரி பக் என்னும் இளம்பெண், இச்சோதனையின் அமெரிக்கப் பதிப்பையும் சான்றாகக் கொண்டு மந்தமதியினர் எனக் குறிக்கப்பட்டு, 1927-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி மகப்பேறு இழக்கச் செய்யப்பட்டார். அவர் பள்ளியில் நன்கு கற்றவர் என்பது பின்னரே ஆராயப்பட்டு வெளிப்பட்டது.

இக்காலத்தில், 16 முதல் 30 மாதக் குழவிகளிடம் ஆட்டிசத்தின் குறிகளை நாடி அறிய எம்-சாட் என்னும் 20 வினாக்கள் வழங்குகின்றன. 2014-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், வினாக்களிலும் தொடர்விசாரணையிலும் ஐயத்திற்குரியராக நின்ற குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேரே ஆட்டிசம் உடையராயினர். ஆயினும், நூற்றுக்கு 95 பேரிடம் வளர்ச்சியில் ஏதோ ஒரு குறையேனும் கவனிக்கத்தக்க ஐயமேனும் காணப்பட்டது. ஆகவே, சோதனையைப் புறக்கணித்தலும் தவறு. அதனையே தீர்ப்பாகக் கொள்ளுதலும் தவறு. அது குழந்தையை மீண்டும் உற்று நோக்குக என நம்மை அழைக்கும் குரலேயாம்.

நம் கலாசாலையினின்று ஆசிரியராகவும் மருத்துவராகவும் செல்வோர் ஒரு சிறு குழந்தையின் பெயருக்கெதிரே ஓர் எண்ணை எழுதுமுன் பினேயை நினைவாராக.