டயர் தந்த கால்நடை டாக்டர்

காருக்குப் புது டயர் வாங்கக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் தேய்ந்த டயரைக் கழற்றிப் போடுகிறார். அதே சக்கரத்தில் புது டயரை மாட்டுகிறார். காற்று அடைக்கிறார். கார் புறப்பட்டு விடுகிறது!

இந்தக் காற்று டயரை உலகம் முழுவதும் ஓட வைத்தவர் மோட்டார் என்ஜினீயர் அல்ல. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த கால்நடை டாக்டர்! அவர் பெயர் ஜான் பாய்டு டன்லப்.

ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்ற ஊரில், 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந்தேதி பிறந்தார். குடியானவர் வீட்டுப் பிள்ளை. எடின்பரோவில் கால்நடை வைத்தியம் படித்தார். 1867-ல் அயர்லாந்துக்கு வந்தார். பின்னர் அங்குள்ள பெல்பாஸ்ட் நகரில் தொழில் நடத்தினார். நல்ல வருமானம் வந்தது.

மகனின் சைக்கிள்

அவருடைய மகன் ஜானிக்கு அப்போது சுமார் 10 வயது. மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். பெல்பாஸ்ட் தெருக்களில் கல் பாவியிருந்தது. அந்தக் காலத்துச் சைக்கிளுக்குக் கெட்டி ரப்பர்தான். ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது பையனைத் தூக்கிப் போட்டது. அவன் அப்பாவிடம் முறையிட்டான்.

டன்லப் யோசித்தார். மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாய் போல ஒட்டினார். வட்டமான ஒரு மரப் பலகையைச் சுற்றி அதைப் பொருத்தி, மேலே துணியைச் சுற்றினார். கால்பந்துக்குக் காற்று அடிக்கும் பம்பினால் காற்று ஏற்றினார்.

1887-ம் ஆண்டில் ஒரு நாள், வீட்டு முற்றத்தில் சோதனை நடந்தது. முதலில் மகனுடைய சைக்கிள் சக்கரத்தை உருட்டி விட்டார். அது பாதி வழியில் சாய்ந்தது. பிறகு காற்றுச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றம் முழுவதும் ஓடியது. கடைசியில் வாசல் தூணில் மோதித் துள்ளித் திரும்பியது!

காரணம் எளிது. கெட்டிச் சக்கரம் கல்லில் இடித்தால் வண்டி முழுவதும் மேலே எழும்ப வேண்டும். காற்று நிறைந்த டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அதிர்ச்சியும் குறையும், வேகமும் வீணாகாது.

சிரித்தவர்கள் வாயடைத்தனர்

1888-ல் டன்லப் பேடண்டு உரிமை பெற்றார். 1889-ம் ஆண்டு மே 18-ந்தேதி பெல்பாஸ்டில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயருடன் வந்தார். அந்தத் தடித்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. ஆனால் ஜெயித்தவர் ஹியூம்! அதே ஆண்டு, ஹார்வி டு கிராஸ் என்ற டப்ளின் வியாபாரி முன்னின்று டயர் கம்பெனி அமைத்தார். டன்லப் தம் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துப் பங்குகள் பெற்றார்.

அப்போதுதான் இடி விழுந்தது. ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் இதே காற்று டயருக்கு 1845-லேயே பேடண்டு வாங்கியிருந்தார்! குதிரை வண்டிக்காகச் செய்தது. அது பரவாமல் மறைந்துவிட்டது. டன்லப் அதை அறியவே இல்லை. ஆனாலும் அவருடைய பேடண்டு செல்லாமல் போயிற்று.

கம்பெனி பிழைத்ததற்குக் காரணம் வேறு. டன்லப் செய்த டயர் சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. பஞ்சர் ஆனால் பிய்த்தெடுக்க வேண்டும். 1890-ல் சார்லஸ் வெல்ச் என்பவர், டயரின் ஓரத்தில் கம்பி வைத்து, சக்கர விளிம்பில் அது அமரும்படி செய்தார். அந்த உரிமையைக் கம்பெனி வாங்கியது. கடையில் டயரை மட்டும் தனியாக வாங்கி மாட்ட முடிவது அதனால்தான்.

கோடிகள் யாருக்கு?

டன்லப் 1895-ல் கம்பெனியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. வாங்கியவர் அதையே 50 லட்சம் பவுன் மூலதனத்தில் மக்களுக்குப் பங்குகளாக விற்றார்! அந்தக் கோடிகள் டன்லப் கைக்கு வரவில்லை. அவர் டப்ளினில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் பங்கு வைத்துக்கொண்டு, வசதியாக, ஆனால் ஆடம்பரம் இல்லாமல் வாழ்ந்தார்.

தாடி வைத்த அவருடைய முகமோ விளம்பரங்களில் ஊர் ஊராகப் போயிற்று. 1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி டப்ளினில் காலமானார். அவர் பெயர் தாங்கிய டயர்த் தொழிற்சாலை ஒன்று பிற்காலத்தில் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் இயங்கியது.