சுபேதார் இராம்ஜி சக்பால்

தாமிரபரணிக் கரையூர்களில் பட்டாளத்தார் வீடு என்று பெயர் பெற்ற வீடுகள் பல உண்டு. கும்பினிப் படை தங்கியிருந்த பாளையங்கோட்டை நமக்கு அண்மையில் இருப்பதால் படைத்தொழிலின் பெயர்களும் பதவிகளும் நம் முன்னோர்க்குப் பழகியவையே. இன்று படையிலிருந்து ஓய்வு பெற்று வருவோர்க்கு மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உள்ளது. அவர்தம் நலனுக்காகக் கொடிநாள் நிதி 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7ஆம் நாள் திரட்டப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் மூலமான இந்தியப் படைவீரர் வாரியம் என்னும் அமைப்பு 1919ஆம் ஆண்டில்தான் தோன்றியது. அதற்கு முன்னர் ஓய்வு பெற்ற வீரனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் பேசுவார் யார்? ஓய்வூதியம் பெற்ற ஒரு சிலர், யாரும் நியமிக்காமலே, தமக்குத் தாமே வாரியமாக அமைந்து அப்பணியை ஆற்றினர். அவர்களுள் ஒருவர் சுபேதார் இராம்ஜி மாலோஜி சக்பால். டாக்டர் அம்பேத்கரின் தந்தை என்ற அளவில் அவரை நாடறியும். அவரை அவராகவே அறிந்துகொள்வதும் நம் இளைஞர்க்கு வேண்டுவதாகும்.

இரத்தினகிரி மாவட்டத்தில் மண்டண்கட் வட்டத்தைச் சேர்ந்த அம்படவே என்னும் சிற்றூர் இராம்ஜியின் குடும்பத்துக்குப் பூர்விகம். மகர் குலத்தைச் சேர்ந்தது அக்குடும்பம். ஊர்க்காவலும் ஏவல் பணியும் செய்து, ஊருக்குப் புறத்தே வாழ்ந்த மக்கள் மகர்கள். அவர்களுக்குக் கிராமத்தை விட்டு வெளியேறத் திறந்திருந்த வாயில் ஒன்றே. அதுவே பம்பாய்ப் படை. 1818 சனவரி முதல் நாள் பீமா ஆற்றங்கரைக் கோரேகாவில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற சிறு படையில் மகர்கள் பலர் இருந்தனர். அங்குள்ள நினைவுத் தூணில் பொறிக்கப்பட்ட பெயர்களுள் இருபதுக்கு மேற்பட்டவை அவர்களுடையவை. இராம்ஜியின் தந்தை மாலோஜியும் படைவீரரே. இராம்ஜி மணந்த பீமாபாயோ தானா மாவட்டத்து முர்பாத் ஊரினர். அவருடைய தந்தையும் சிற்றப்பன் பெரியப்பன்மாரும் சுபேதார் மேஜர் பதவி வரை உயர்ந்தவர்கள். படையில் பிறந்து படையிலேயே வளர்ந்த குடும்பங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

படை தந்த சோறும் சம்பளமும் பெரிதல்ல. அது தந்த பள்ளிக்கூடமே பெரிது. அக்காலப் படையில் இந்தியச் சிப்பாய்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக இருந்தது. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடும் இல்லை. ஊர்ப் பள்ளியின் படியில் கால் வைக்கக் கூடாத குலத்துப் பெண்குழந்தை பாளையத்துப் பள்ளியில் எழுத்துக் கற்றது. இப்படிக் கற்ற மக்கள் கூட்டம் ஒன்று கொங்கணத்தில் ஓசையின்றி உருவாகி வந்தது.

இராம்ஜி அப்பள்ளிகளின் விளைவு. பிறகு அவற்றின் ஆசிரியர். புனேயில் படையினர்க்கென இருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்று தேர்ந்து, படைப்பள்ளியில் ஆசிரியராகிப் பின் தலைமையாசிரியர் ஆனார். பதினான்கு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். மத்திய இந்தியாவில் மாவ் என்னும் பாளைய நகரில் அவர் பணியாற்றிய காலத்தில், 1891 ஏப்ரல் 14ஆம் நாள், பதினான்காவது குழந்தையாகப் பீமராவ் பிறந்தார். பிறந்த பதினான்கு பேரில் நிலைத்தவர் ஐவரே: பலராம், ஆனந்தராவ், மஞ்சுளா, துளசி, பீமராவ். இவ்வளவு மரணங்களைக் கண்ட வீட்டில் அந்தத் தந்தை எப்படிக் கலங்காது நின்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கபீரின் வழியைப் பின்பற்றியவர் அவர். மதுவும் புலாலும் வீட்டில் இல்லை. காலையும் மாலையும் வழிபாடும் பாடலும் தவறியதில்லை.

இந்நிலையில் 1892ஆம் ஆண்டு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. மகர்களை இனிப் படையில் சேர்ப்பதில்லை என்பது அதன் பொருள். போர்க்குணம் சில இனங்களுக்கே உண்டு, மற்றவர்க்கு இல்லை என்ற கொள்கை அப்போது படைத் தலைமையில் ஓங்கியிருந்தது. தலைமைத் தளபதி ராபர்ட்ஸ் அதில் உறுதியான நம்பிக்கை கொண்டவர். சென்னைப் படைக்கும் அவர் முன்பு தலைவராக இருந்தவரே. தென்னாட்டுச் சிப்பாய் வடமேற்கு எல்லைப் போருக்கு உதவான் என்று முடிவு கட்டியவர். அதன் விளைவாகச் சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. சிலவற்றில் பஞ்சாபியர் நிரப்பப்பட்டனர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சென்னைக் காலாட்படை முற்றாகவே கலைக்கப்பட்டது. ஆகவே மகர்களின் துயரம் மராட்டியத்தின் துயரம் மட்டுமன்று. நம் நாட்டில் பட்டாளத்துக்குச் சென்று தலைநிமிர்ந்த தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அதே கதவுதான் அடைக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அந்த ஆணையால் ஓய்வு பெற்றவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. மாதந்தோறும் வரவேண்டிய ஓய்வூதியம் வந்துகொண்டுதான் இருக்கும். பதக்கங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு அவர்கள் அமைதியாக இருந்திருக்கலாம். அரசின் ஓய்வூதியத்தை உண்டுகொண்டு அரசின் ஆணையை எதிர்த்து எழுதுவது எளிய செயலும் அன்று. இழக்கப் போவது தாமல்லர், தமக்குப் பின் வரும் பிள்ளைகள் என்பதை அவர்கள் கண்டனர். படை போனால் பள்ளியும் போகும் என்பதே அவர்களுடைய அச்சம்.

கொங்கணத்துத் தபோலி அத்தகைய ஓய்வூதியர் பலர் கூடி வாழ்ந்த ஊர். 1892இலேயே அவ்வூர் ஓய்வூதியர்கள் தம் பிள்ளைகளை நகராட்சிப் பள்ளியில் சேர்க்குமாறு விண்ணப்பித்தனர். பெரும் எதிர்ப்புக்குப் பின் பிள்ளைகள் அனுமதிக்கப்பட்டாலும் வகுப்புக்குள் இடமில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியதாயிற்று. அவ்வூரில் 1886 முதல் வாழ்ந்தவர் கோபால் பாபா வலங்கர் என்னும் ஓய்வு பெற்ற படைவீரர். மகாத்மா சோதிராவ் பூலேயின் கருத்துகளில் தோய்ந்தவர். தீண்டாமையைக் கண்டித்துப் பத்திரிகைகளில் எழுதினார். 1888இல் தாமே ஒரு நூல் வெளியிட்டார். அனார்ய தோஷ பரிகார மண்டலி என்னும் சங்கத்தை நிறுவினார். 1895இல் மகாட் வட்டார ஆட்சிக் குழுவில் அவரை உறுப்பினராக அரசு நியமித்தபோது உயர்சாதி உறுப்பினர்கள் அவரோடு அமர மறுத்துக் கிளர்ந்தனர். பீரங்கியின் முன் அமரத் தகுதியிருந்தவர்க்கு ஒரு மேசையின் முன் அமரத் தகுதியில்லை என்றனர் போலும்! 1900ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இராம்ஜி 1894இல் ஐம்பது ரூபாய் ஓய்வூதியத்துடன் பணி நீங்கித் தபோலியில் குடியேறினார். அவரும் பூலேயின்பால் மதிப்புடையவர். படைச்சேர்ப்புத் தடையை நீக்குமாறு அரசுக்கு விண்ணப்பம் வரைவதற்கு நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் உதவியை நாடிச் சென்றார். அக்கால விண்ணப்பங்களை இன்று படிக்கும் இளைஞர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தாங்களும் பழைய க்ஷத்திரியர் வழியினரே என்ற வாதமும், அரசுக்குக் காட்டிய விசுவாசமும் அவற்றில் மிகுதி. இதைக் குறையாகக் கொள்வது பொருந்தாது. வாக்குரிமை இல்லை, சட்டமன்றம் இல்லை, கட்சி இல்லை. கையில் இருந்தது பணிப்பதிவேடு ஒன்றே. அதை முன்வைத்தே அவர்கள் பேசினர்.

அவ்விண்ணப்பம் பயன் தரவில்லை. ஆயினும் வழி அற்றுப்போகவில்லை. 1910இல் சிவராம் ஜான்பா காம்பளே தலைமையில் தக்காணத்து மகர்கள் படையிலும் காவல்துறையிலும் இடம் கேட்டு, இலண்டனில் இருந்த இந்திய அமைச்சருக்கே எழுதினர். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் 111ஆம் மகர் படைப்பிரிவு தோன்றியது. போர் முடிந்ததும் 1921இல் அது கலைக்கப்பட்டது. தேவைக்கு அழைப்பதும் தேவை தீர்ந்தால் அனுப்புவதும் அக்கால அரசின் வழக்கம். இருபதாண்டுகள் கழித்து, 1941 சூலையில் வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் ஓர் உறுப்பினர் அமர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மகர் ரெஜிமென்ட் நிறுவப்பட்டது. அவ்வுறுப்பினர் இராம்ஜியின் மகன்.

ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. இராம்ஜி சத்தாராவுக்குச் சென்று அரசுப் பொதுப்பணியில் வேலை தேடிக்கொண்டார். அங்கே சிறிது காலத்தில் பீமாபாய் மறைந்தார். பீமராவுக்கு அப்போது வயது ஐந்தளவே. உடல் ஊனமுற்ற அத்தை மீராபாய் பிள்ளைகளை வளர்த்தார். பின்னர் இராம்ஜி மறுமணம் செய்துகொண்டதை இளைய மகன் நெடுநாள் பொறுக்கவில்லை. இல்லறத்தில் இப்படிப்பட்ட பிணக்குகள் இருந்தன. அவற்றை மறைத்து அவரை முனிவராக்க வேண்டியதில்லை.

1900 நவம்பர் 7ஆம் நாள் இராம்ஜி தம் மகனைச் சத்தாரா அரசு ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். மகாராட்டிர அரசு அந்நாளை மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது. மறு ஆண்டு பஞ்சத் துயர்நீக்கப் பணியாக ஏரி வெட்டப்பட்ட இடத்தில் அவர் காசாளராக இருந்தார். கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தம்மிடம் வருமாறு எழுதினார். புத்தாடையும் சரிகைத் தொப்பியும் அணிந்து அவர்கள் மசூர் நிலையத்தில் இறங்கினர். வருகையை அறிவித்த கடிதத்தை வேலையாள் உரிய நேரத்தில் கொடுக்கத் தவறியதால் அழைக்க எவரும் வரவில்லை. நிலைய அதிகாரி முதலில் பரிவோடு பேசினார். மகர் பிள்ளைகள் என்று அறிந்ததும் முகம் மாறினார். வண்டிக்காரர் எவரும் வர இசையவில்லை. இரட்டிப்புக் கூலி பெற்ற ஒருவன், பிள்ளைகளே வண்டியை ஓட்ட, தான் உடன் நடந்துவந்தான். கட்டுச்சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் தருவாரில்லை. இரவெல்லாம் பட்டினி. அடுத்த நாள் முற்பகலில் அவர்கள் வந்து சேர்ந்தபோதுதான் தந்தைக்குச் செய்தி தெரிந்தது. சுபேதாரின் சீருடையும் பதவியும் தம் பிள்ளைகளுக்கு ஒரு குவளை நீரை வாங்கித் தரவில்லை என்பதை அன்று அவர் கண்டார்.

அவர் பிள்ளைகளை வளர்த்த முறை தனி. கண்டிப்பு மிக்கவர். ஆங்கிலமும் கணக்கும் தாமே கற்பித்தார். இராமாயணமும் பாரதமும் படிக்கச் செய்தார். இவற்றைப் படிப்பானேன் என்று பீமராவ் ஒருநாள் எதிர்த்துக் கேட்டார். தாழ்ந்தவர் என்ற எண்ணம் பிள்ளைகள் நெஞ்சில் புகாதிருக்கவே என்பது தந்தையின் விடை. துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து எவ்வளவு உயர்ந்தார்கள் என்று பார்க்கச் சொன்னார், வால்மீகியையும் சுட்டிக்காட்டினார். மகன் அவ்விடையில் நிறைவு கொள்ளவில்லை. ஆயினும் கேள்வி கேட்க இடங்கொடுத்த தந்தை அவர்.

1904இல் குடும்பம் பம்பாய் சென்றது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சால் ஒன்றில் ஒற்றை அறையே வீடு. சமையல், படுக்கை, விறகு, விருந்தாளி எல்லாம் அதற்குள். பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மாலையில் அவரைச் சீக்கிரம் உறங்கச் சொல்லிவிட்டுத் தந்தை விழித்திருப்பார். நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்கு மகனை எழுப்பி விளக்கின் முன் அமர்த்திவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுப்பார். பாடத்துக்குப் புறம்பான நூல்களை வாங்க மகன் கேட்கும்போது கையில் காசிராது. மணமாகிச் சென்ற மகள் வீட்டுக்குப் போவார். அவளிடம் இல்லையெனில் மற்றவளிடம் போவார். அவர்கள் கழற்றித் தந்த நகையை அடகு வைத்துப் புத்தகம் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். நகையைத் தந்த அந்த மகளிரையும் இங்கே நினைக்க வேண்டும். ஐம்பது ரூபாய் ஓய்வூதியம் இவ்வாறு மாதந்தோறும் ஏட்டுக்கும் விளக்கெண்ணெய்க்கும் போயிற்று.

1907இல் பீமராவ் மெட்ரிக்குலேஷன் தேறினார். அவ்வெற்றியைப் பாராட்டிக் கூட்டம் நடந்தது. கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். மேற்படிப்புக்கு இராம்ஜியால் இயலாதபோது அவரே பரோடா மன்னரை அணுகி மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவித்தொகை பெற்றுத் தந்தார். 1912இல் பி.ஏ. தேர்வு முடிந்தது. அடுத்த சனவரியில் மகன் பரோடா அரசுப் பணிக்குச் சென்றார். தந்தைக்கு அதில் விருப்பமில்லை; அங்கு நேரக்கூடிய இழிவுகளை அவர் அறிவார்.

சில நாள்களிலேயே தந்தை கடும் நோயுற்றார் என்ற தந்தி மகனுக்குக் கிடைத்தது. திரும்பும் வழியில் சூரத்து நிலையத்தில், தந்தைக்கு இனிப்பு வாங்க இறங்கியபோது வண்டி புறப்பட்டுவிட்டது. மறுநாள்தான் வீடு வந்து சேர்ந்தார். படுக்கையில் கிடந்த இராம்ஜியின் கண்கள் அவரைத் தேடிக் கண்டுகொண்டன. தளர்ந்த கையால் மகனின் முதுகைத் தடவிக்கொடுத்தார். சற்று நேரத்தில் மூச்சடங்கியது. அது 1913 பிப்ரவரி 2ஆம் நாள். குடும்பத்துக்கு அவர் விட்டுச் சென்ற சொத்து ஏதுமில்லை, கடன் இருந்தது. ஓய்வூதியமும் அன்றோடு நின்றது. அவ்வாண்டு சூலையில் பீமராவ் பரோடா மன்னரின் உதவியோடு நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேரக் கப்பல் வழியே சென்றடைந்தார்.