சங்கத்துக்கு வந்த வக்கீல் வி.வி. கிரி

வி.வி. கிரி என்றதும் ராஷ்டிரபதி பவனில் இருந்த பெரியவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். பெங்களூரில் உள்ள மூத்த வாசகர்களுக்கு, 1965 முதல் 1967 வரை மைசூர் ராஜ்யத்தின் கவர்னராக இருந்தவர் என்பதும் தெரிந்திருக்கும். ரயில்வேயில் சம்பளம் வாங்கும் எங்களுக்கோ அவர் முதலில் ஒரு சங்கத்துக்காரர். பதவிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1894 ஆகஸ்ட் 10ந் தேதி பெர்ஹாம்பூரில் பிறந்தார். இன்று ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தாய்மொழி தெலுங்கு. தகப்பனார் ஜோகையா பந்துலு பெயர் பெற்ற வக்கீல். மகனும் சட்டம் படிக்க 1913ல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கப்பல் ஏறினார். அங்கே 1916ல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்காரர்களோடு பழகியவர் என்ற சந்தேகத்தில் கிரியை நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள்.

ஊர் திரும்பி வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். வருமானத்துக்குக் குறைவில்லாத தொழில். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் அதை விட்டார், சிறைக்கும் போனார். பிறகு அவர் கால் வைத்தது ரயில் தொழிலாளர் நடுவே. அகில இந்திய ரயில்வேமென் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். 1920களின் பிற்பகுதியில் பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் ஆள்குறைப்பு வந்தபோது, கரக்பூர் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அடிதடி இல்லாமல் நடந்த போராட்டம் அது. 1927ல் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டுக்கும் 1931ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கும் தொழிலாளர் சார்பில் சென்றார்.

1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்து, ராஜாஜி மந்திரி சபையில் தொழிலாளர் மந்திரியானார். 1952ல் மத்தியிலும் அதே இலாகா கிடைத்தது.

தகராறு வந்ததும் சர்க்கார் அதை ட்ரிப்யூனலுக்கு அனுப்பிவிடுவது அன்றைய வழக்கம். வழக்கு நீளும், அப்பீல் போகும், சங்கம் தன் பலத்தை மறந்து தீர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும். இந்தக் கட்டாயத் தீர்ப்பு முறை கிரிக்கு அறவே பிடிக்கவில்லை. முதலாளியும் சங்கமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்றார். வக்கீலுக்குப் படித்தவரே இப்படிச் சொன்னது சிலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். கோர்ட்டு வாசலை அறிந்தவர் என்பதால்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்சியிலும் சங்கங்களிலும் இதற்கு எதிர்ப்பு இருந்தது. அவர் நினைத்தபடி சட்டம் மாறவில்லை.

இந்த நிலையில் 1954ல் வங்கி ஊழியர் சம்பள வழக்கில் தொழிலாளர் அப்பீல் ட்ரிப்யூனல் தீர்ப்புச் சொன்னது. வங்கிகளால் தாங்க முடியாது என்று மத்திய சர்க்கார் அதை ஊழியர்களுக்குப் பாதகமாக மாற்றியது. ட்ரிப்யூனல் முறையே வேண்டாம் என்றவர் கிரி. ஆனாலும் இரு தரப்பையும் கேட்டுச் சொன்ன தீர்ப்பில் சர்க்கார் கை வைப்பதை அவர் ஏற்கவில்லை. மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். வங்கிக் குமாஸ்தாவின் சம்பளத்துக்காக நாற்காலியை விட்ட மந்திரிகள் எத்தனை பேர்? பின்னர் கமிஷன் ஒன்று விசாரித்து, 1955ல் அந்தத் தீர்ப்பு சில மாற்றங்களோடு சட்டமாயிற்று.

1957 முதல் உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் என்று கவர்னர் பதவிகள், பிறகு உப ஜனாதிபதி, 1969ல் ஜனாதிபதி. அந்தத் தேர்தலை எதிர்த்து வழக்கு வந்தபோது ஜனாதிபதியாக இருந்துகொண்டே சுப்ரீம் கோர்ட்டில் சாட்சி சொன்னார்.

1974 மே 8ந் தேதி ரயில் ஊழியர்கள் சுமார் 17 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போனஸ், எட்டு மணி நேர வேலை ஆகியவை கோரிக்கைகளில் முக்கியமானவை. முன்னின்றது கிரி வளர்த்த அதே சம்மேளனம். ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 20 நாளில் போராட்டம் முறிந்தது. மந்திரி சபை சொல்கிறபடி நடக்க வேண்டிய ஜனாதிபதியாக, கிரி அப்போது டெல்லியில் இருந்தார். 1954ல் செய்ததைப் போல அவர் இந்த முறை பதவியை விடவில்லை. ஆகஸ்டில் பதவிக் காலம் முடிந்தது. 1980 ஜூன் 24ந் தேதி சென்னையில் காலமானார்.