பிச்சைக்காரி வேஷத்தில் லாசா போன பாரிஸ் பாடகி!

18 மாசத்துல திரும்பிடுவேன்னு கணவர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பினார் அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீல். திரும்பி வர 14 வருஷம் ஆச்சு!

1868-ல் பாரிஸ் பக்கத்தில் பிறந்தவர். ஆபரா பாடகி. 1904-ல் துனிஸில் பிலிப் நீல் என்ற ரயில்வே இன்ஜினீயரைக் கல்யாணம் செய்துகொண்டார். வசதியான வாழ்க்கைதான். ஆனா மனசு முழுக்க பௌத்தம். 1911-ல் ஆசியாவுக்குக் கிளம்பிவிட்டார். புதுச்சேரியில் அரவிந்தரைப் பார்த்தார். அடுத்த வருடம் காலிம்போங்கில் 13-வது தலாய் லாமாவை. பிறகு சிக்கிம் மலையில் ஒரு துறவியிடம் திபெத்திய மொழியும் தியானமும் கற்றார். யோங்டென் என்ற சிறுவன் அங்கேதான் அவருடன் சேர்ந்தான்.

1916-ல் அனுமதி இல்லாம திபெத்தின் ஷிகாட்சே வரை போய்வந்தார். பிரிட்டிஷ் அதிகாரிகள் சும்மா விடுவாங்களா? சிக்கிமிலிருந்தே வெளியேற்றினார்கள். வேற யாரா இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பாங்க. இவரோ ஜப்பான், கொரியா, சீனா என்று சுற்றி, கிழக்குப் பக்கமாக வழி தேடினார். குறி, வெளிநாட்டவர் நுழையக் கூடாத லாசா.

1923 கடைசியில் சீனாவின் யுன்னானிலிருந்து நடை தொடங்கியது. அப்போது அவருக்கு 55 வயசு! முகத்தில் கோகோவும் கரித்தூளும். தலைமுடிக்குக் கறுப்பு மை, யாக் முடியில் ஒட்டுச்சடை. யோங்டென் ஒரு ஏழை லாமா, இவர் அவருடைய வயசான அம்மா. இதுதான் வேஷம். ஆரம்பத்தில் பகலில் பதுங்கி, ராத்திரியில் நடந்தார்கள். யோங்டென் குறி சொல்ல, கிராமத்து ஜனங்க சாப்பாடு போட்டாங்க. வழியில் பனியில் யோங்டென் காலைச் சுளுக்கிக்கொண்டார். கையில் உணவும் இல்லை. காலணி தைக்க வைத்திருந்த தோல் துண்டுகளை வேகவைத்து சூப்பாகக் குடித்தார்கள்.

1924 பிப்ரவரியில் லாசா வந்தாச்சு! அந்த நகரத்துக்குள் நுழைந்த முதல் ஐரோப்பியப் பெண் அவர்தான். புத்தாண்டுக் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து, பொட்டாலா அரண்மனையையும் பார்த்தார். இரண்டு மாசம் தங்கினார்.

1925-ல் பிரான்ஸ் திரும்பினார். இத்தனை வருஷமும் பயணத்துக்குப் பணம் அனுப்பியவர் பிலிப். ஆனா இருவரும் மறுபடி சேர்ந்து வாழவில்லை. கடிதங்கள் மட்டும் 1941-ல் பிலிப் இறக்கும்வரை தொடர்ந்தன. யோங்டெனை மகனாகவே தத்தெடுத்தார். 1955-ல் அவரும் போய்விட்டார்.

100 வயசில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர், 1969-ல் 101-வது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு மறைந்தார். நான்கு வருடங்கள் கழித்து, காசியில் அவருடைய அஸ்தி கங்கையில் கரைந்தது. கூடவே, யோங்டெனின் அஸ்தியும்.