இலங்கையின் திருத்தூதர் புனித யோசேப் வாஸ்



பொன்விழாக் காணும் நம் பங்கின் தொடக்க நாட்களைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து, நெல்லைச் சீமையிலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் வந்து குடியேறிய சில குடும்பங்கள், கோவிலும் இல்லாமல் குருவும் இல்லாமல், மாலை வேளைகளில் ஒருவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி வந்தன. எப்போதாவது ஒரு குருவானவர் வந்து பூசை வைத்தால் அன்று திருநாள். அந்த வரலாற்றை இம்மலரில் வேறு அன்பர்கள் எழுதுகிறார்கள். நாமோ, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின் முகமே காணாமல் காத்திருந்த ஒரு மக்களையும், அவர்களைத் தேடிச் சென்ற ஒரு குருவையும் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

1656-இல் கொழும்பும் 1658-இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசியர் கையைவிட்டு ஒல்லாந்தர் வசமாயின. ஒல்லாந்தர் கல்வீனிய மதத்தினர். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரையும் நாடு கடத்தினர்; ஒரு குருவுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரண தண்டனை என்று கட்டளையிட்டனர். கோவில்கள் பறிக்கப்பட்டன. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், இறந்தோரைச் செபத்தோடு அடக்கம் செய்ததும், மந்திரங்களை மறவாமல் காத்ததும் குடும்பத் தலைவர்களும் மூப்பர்களுமே. பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை. ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்தது.

இச்செய்தி கோவாவில் ஓர் இளங்குருவின் நெஞ்சைச் சுட்டது. யோசேப் வாஸ் 1651 ஏப்ரல் 21 அன்று பெனாவ்லிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் அந்தணக் குலத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, தம்மைத் தேவதாயாரின் நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்துச் சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். இலங்கைக்குப் போக விரும்பியவரை மேலிடம் 1681-இல் கன்னட நாட்டுக்கு அனுப்பியது. முணுமுணுக்காமல் போய் மூன்றாண்டுகள் உழைத்தார். திரும்பி வந்து, 1685-இல் இந்நாட்டுக் குருக்கள் சிலரோடு கோவாவில் ஒரத்தோரியன் சபையை ஏற்படுத்தினார். ஐரோப்பியத் துறவற சபைகள் நம் நாட்டவரைச் சேர்த்துக்கொள்வது அரிதாயிருந்த காலம் அது. அச்சபைக்கே தலைவராக இருந்தவர், மறு ஆண்டு அதை விட்டுப் புறப்பட்டார்.

வழி நம் தூத்துக்குடி வழி. அத்துறைமுகமும் அப்போது ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. அங்கியைக் களைந்து, கூலியாள் வேடம் பூண்டு, யோவான் என்னும் உண்மையுள்ள பணியாளோடு 1687-இல் கப்பலேறினார். யாழ்ப்பாணம் சேர்வதற்குள் கடும் வயிற்றுக்கடுப்பு. தொற்றுநோய் என்று அஞ்சி அவரை ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டனர். ஓர் ஏழைப் பெண்மணி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் உயிர் பிழைத்தார் என்பர். அவள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்பில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டென்றே நாம் கருதுகிறோம்.

தேறியதும் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு எவர் கண் கலங்குகிறது என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். அவ்வாறே ஒரு கத்தோலிக்க வீட்டைக் கண்டறிந்தார். பின்னர் சில்லாலை என்னும் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் திருப்பலி, பகலில் மறைவு. 1689 கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தப் படைவீரர் புகுந்து கூடியிருந்தோரைப் பிடித்தனர்; சிலர் சாட்டையடியும் சிறையும் பட்டனர். குருவானவர் மட்டும் அகப்படவில்லை. மக்கள் அவரைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

பிறகு புத்தளம் வழியாகக் கண்டி அரசுக்குச் சென்றார். 1692-இல் அங்கு, போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற பொய்க் குற்றச்சாட்டின் பேரில் சிறை. சிறையிலேயே சிங்களம் கற்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 4-இல் நம் அருளானந்தர் ஓரியூரில் தலை கொடுத்தார். கடலுக்கு இப்பால் ஒருவர் ஒரே வெட்டில் உயிரைத் தந்தார். அப்பால் மற்றவர் அதைத் துளித் துளியாகத் தந்துகொண்டிருந்தார்.

கண்டியில் மழை பொய்த்தபோது வாஸ் அடிகள் பீடம் அமைத்து முழங்காலில் நின்று செபிக்க, மழை கொட்டியது என்றும், அவர்மேல் ஒரு துளியும் படவில்லை என்றும் மரபு சொல்கிறது. விமலதர்மசூரிய மன்னன் அவருக்குப் போதிக்கும் உரிமை தந்தான். நம் மக்களுக்கு இந்தப் புதுமைதான் மிகவும் பிடிக்கும். நமக்கோ அதற்குப் பின் நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது.

1697-இல் கண்டியில் பெரியம்மை கண்டது. நம்மில் மூத்தவர்கள் கையிலுள்ள அம்மைத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டிலிருந்து அது ஒழிந்தது 1975-இல்தான். அக்காலத்தில் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. மன்னன் நகரைவிட்டு அகன்றான். பெற்றோர் பிள்ளைகளையும், பிள்ளைகள் பெற்றோரையும் காட்டில் விட்டு ஓடினர். யோசேப் வாஸ் அந்நோயாளிகளைத் தேடிப் போனார். குடிசை போட்டுக் கொடுத்தார், சீழ் வடியும் புண்களைக் கழுவினார், கஞ்சி காய்ச்சி ஊட்டினார், இறந்தவர்களுக்குக் குழி வெட்டினார். கிறிஸ்தவரா பௌத்தரா என்று கேட்கவில்லை. நாள் தவறாமல், மாதக் கணக்கில் இதே வேலை. பத்து ஆண்டுகளுக்குமுன் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டுக் கஞ்சிக்குக் காத்துக் கிடந்தவர் அல்லவா அவர்!

இதை எழுதும்போது நம் மனம் நம்மையே கேட்கிறது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது நாம் ஒரு பங்கில் இருந்தோம். அவஸ்தைப்பூசுதல் கேட்டு ஓர் இரவில் தொலைபேசி வந்தது. சட்டம் தடுத்தது, அது உண்மை. ஆனால் சட்டம் தடுத்ததில் நமக்கு உள்ளூர ஓர் ஆறுதல் இருந்தது, அதுவும் உண்மை. தொலைபேசியிலேயே செபித்தோம். விடியுமுன் அவர் இறந்துவிட்டார். வாஸ் அடிகளின் படத்தை அறையில் மாட்டியிருந்தோம். அதன்பின் சில நாட்கள் அதை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். 1705-இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்கள் எழுதிப் புகழ் பெற்றார். கொச்சி ஆயர் வாஸ் அடிகளை இலங்கைக்குத் தம் பதில் குருவாக நியமித்தார். அப்பொறுப்போடும் அவர் வெறுங்காலுடன் தீவெங்கும் நடந்தார். திரும்பிக் கோவாவுக்குப் போகவே இல்லை. 1711 ஜனவரி 16 அன்று கண்டியில், தம் 59-ஆம் வயதில், உழைத்துத் தேய்ந்த உடலோடு உயிர் துறந்தார். அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது.

1995 ஜனவரி 21 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அதே காலிமுகத்திடலில் 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்று பிற்பகலே மடு மாதா திருத்தலத்துக்கும் சென்றார். நெடும் போரில் புண்பட்ட தமிழரும் சிங்களவரும் அங்கே ஒருங்கே கூடியிருந்தனர்.

அவருடைய திருநாள் ஜனவரி 16. அது பொங்கல் விடுமுறையில் வருவதால், நம் மக்களில் பாதிப்பேர் தெற்கே சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். காலைப் பூசையில் இரண்டு மூன்று வரிசைகூட நிறைவதில்லை. வரும் ஆண்டு ஊருக்குப் போகிறவர்கள், தூத்துக்குடிப் பக்கம் போனால், கடற்கரையில் சற்று நேரம் நின்று அவர் கப்பலேறிய திசையைப் பார்த்துவிட்டு வாருங்கள். போகாதவர்கள் காலை ஆறு மணிப் பூசைக்கு வாருங்கள்.