பனியிலே பாடம் கற்ற மருத்துவர்

நான் மருத்துவம் பயில்பவன் அல்லேன். எனினும் மருத்துவர் ஒருவரின் வரலாறு என் நெஞ்சைக் கவர்ந்தது. நெப்போலியன் படையின் தலைமை அறுவை மருத்துவரான டொமினிக் ழான் லாரேயின் வரலாறு அது.

1766-இல் பிரான்சு நாட்டின் பிரெனீசு மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார் லாரே. இளமையிலேயே தந்தையை இழந்தார். துலூசு நகரில் அறுவை மருத்துவராயிருந்த உறவினர் ஒருவர் அவரை வளர்த்துத் தம் தொழிலையும் கற்பித்தார்.

1792-இல் லாரே படையில் சேர்ந்தார். அந்நாளில் காயமுற்றோர் போர் ஓயும்வரை களத்திலேயே கிடந்து துடிப்பர். அவரோ குதிரை பூட்டிய விரைவு வண்டிகளை அமைத்து, போர் நடக்கும்போதே அவர்களை மீட்டார். பதவியைப் பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே முறை வகுத்தார். படைத்தலைவனுக்கும் காலாளுக்கும் அங்கே ஒரே நீதி!

1807-இல் அய்லாவ் போர் கடும் பனியில் நடந்தது. குளிரில் விறைத்த உறுப்பை அறுக்கையில் வலி குறைவதை அவர் கண்டார். 1812-இல் உருசியாவிலிருந்து படை பின்வாங்கிய கொடுங்குளிரிலோ வேறொன்று கண்டார். குளிரில் வாடியவனைத் தீயருகே கிடத்துவதே இரக்கம் என்று எவரும் எண்ணுவர். ஆனால் தீயை ஒட்டிக் கிடந்தோர் விரைவில் மாண்டனர். தள்ளிக் கிடந்தோர் அவர்களினும் மிகுதியாகப் பிழைத்தனர்.

இதை ஏன் இன்று நினைக்க வேண்டும்? இதயம் நின்றால், உயிர்வளியின்றிச் சில நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். இதயம் மீண்டும் துடித்த பின்னரும் அக்கேடு தொடரும். உடலைக் குளிர்வித்தால் மூளையின் உயிர்வளித் தேவை குறையும். ஆகவே நினைவிழந்த நோயாளரை 33 டிகிரி செல்சியசு அளவுக்குக் குளிர்விப்பது நன்மை தரும் என்று, ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரு ஆய்வுகள் 2002-இல் கூறின. உலகெங்கும் மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. ஆனால் ஏறத்தாழ 1,900 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று, காய்ச்சல் வராமல் காப்பதைவிட அவ்வாறு குளிர்விப்பது மேலானதன்று என 2021-இல் காட்டியது. குளிரின் பயன் எவ்வளவு என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. சூடு மிகாமல் காக்க வேண்டும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

நெப்போலியன் தம் உயிலில் லாரேக்கு ஓர் இலட்சம் பிராங்கு எழுதிவைத்தார். 1842-இல் லாரே மறைந்தார்.

தோழர்களே, இரக்கம் உடையோர் பலர். தம் இரக்கம் உண்மையிலேயே பயன் தருகிறதா என்று கண்திறந்து பார்ப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் என்பதாலேயே நான் லாரேயை வணங்குகிறேன்.