ஜி.டி. நாயுடு: சின்ன இன்ஜினை நம்பியவரின் கார் ஏன் ரோட்டுக்கு வரவில்லை?

மோட்டார் மாட்டிய ஸ்கேட்ஸில் ஆர்.கே.புரத்திலிருந்து ஆபீசுக்குப் போனா எப்படி இருக்கும்னு யோசித்திருக்கிறீர்களா? ஓர் ஆளை நகர்த்த சின்ன இன்ஜின் போதும் என்கிற அந்த ஆசையை வாழ்க்கை முழுக்கத் துரத்திய ஒருவர் கோவையில் இருந்தார்.

அவர்தான் ஜி.டி. நாயுடு. 1893-ல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். படிப்பில் மனசு ஒட்டவில்லை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் பைக்கைப் பார்த்ததும், நமக்கும் ஒண்ணு வேணும்னு முடிவு செய்தார். கோவை ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து பைக் வாங்கினார். ஓட்டியதோடு விடவில்லை, பிரித்துப்போட்டு, மறுபடி பூட்டி, இன்ஜினைக் கற்றுக்கொண்டார்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை பொள்ளாச்சி–பழனி இடையே ஓட்டத் தொடங்கினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவில் தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைக் கொண்டுவந்தார். பேட்டரியில் ஓடும் அவருடைய ஷேவிங் ரேசருக்குள்ளும் ஒரு குட்டி மோட்டார்தான்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். விலை வெறும் 2,000 ரூபாய். ஆனால், தயாரிக்க அரசு லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை, காரும் அதோடு நின்றுபோனது. 1974-ல் நாயுடு மறைந்தார்.

மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த ஆர்.கே.புரத்தில் உங்கள் ஸ்கேட்ஸுக்கு மோட்டார் தேடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: வண்டி ஓடினால் மட்டும் போதாது, ஓட விடவும் வேணும்.